எழுந்திருக்காதீங்க மாமா

"நான் நாற்காலியை விட்டு எழுந்தா போதும், எதிர்ல இருக்கிற கம்ப்யூட்டர் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கும்."

மாமனார் இப்படிச் சொன்னபோது வீட்டில் யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதைவிடப் பெரியதையெல்லாம் சொல்லி முடித்தவர் அவர். அவர் ஆபீஸுக்குள் நுழைந்தால் மின்விசிறிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அவர் ஒரு தும்மல் போட்டால் மேல்மாடியில் வருஷக்கணக்காகத் தூங்கிய கோப்புகள் எழுந்து நகருமாம். அவர் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸே அழுத அழுகையில் தரையைத் துடைக்கத் தனியாக ஆள் போட்டார்களாம்.

"நீங்க எழுந்தா உங்க முட்டிதான் சத்தம் போடும்," என்றாள் மாமியார், துணி மடித்துக்கொண்டே.

மருமகளுக்குச் சிரிக்க நேரமில்லை. அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். பேனாவால் திரைமேலேயே வரைகிற டேப்லெட் ஒன்றும், வண்ணம் சரிபார்க்கப் பெரிய மானிட்டர் ஒன்றும் வைத்திருந்தாள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று தன் கழுத்துக்கேற்ற குடை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கும் கதை இப்போது அவள் கையில் இருந்தது. கழுத்தை இழுத்துக்கொண்டு வரும்போதுதான் டேப்லெட் திரை பொசுக்கென்று கறுத்துப்போகும். ஒரு பெருமூச்சு விடும் நேரம் கழித்துத் திரும்ப வரும். அதற்குள் கோடு எங்கோ போயிருக்கும், ஒட்டகச்சிவிங்கிக்குச் சுளுக்கு விழுந்திருக்கும்.

தொல்லை ஆரம்பித்தது மாமனாரின் சுழல் நாற்காலி வீட்டுக்கு வந்த நாளில். ஆபீஸில் பிரிவு உபசாரமாகக் கொடுத்தது. பிடியை அழுத்தினால் புஸ்ஸென்று இறங்கும், விட்டால் கம்பீரமாக எழும். அதை வைக்க ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில், அங்கே இருந்த மருமகளின் மேசை சுவரோரம் நகர்ந்தது. கம்ப்யூட்டர் பழைய இடத்திலேயே நின்றது. டேப்லெட்டோடு வந்த குட்டைக் கேபிளுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"கேபிள்தானே," என்று மாமனார் தன் தகரப் பெட்டியைத் திறந்தார். பிறந்ததிலிருந்து அவர் ஒரு வயரைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. அந்தப் பெட்டியிலிருந்ததை முடிச்சுப் போட்டு நீட்டினால் சந்திரனுக்குப் போய்த் திரும்பிவரலாம். அதிலிருந்து நூடுல்ஸ் மாதிரி மெலிந்து நீண்ட ஒன்றை உருவிக் கொடுத்தார். குட்டைக் கேபிள் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் போயிற்று.

அன்றிலிருந்துதான் இந்தக் கண்மூடல்.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவனைக் கேட்டாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார் என்றான். கல்யாணமான நாளாக எந்தப் பிரச்சினைக்கும் அவன் சொல்லும் வைத்தியம் அதுதான். சரி, கேபிளையே மாற்றிவிடலாம் என்று கடைக்குக் கிளம்பினாள். மாமனார் அவளுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கடைக்காரர் நல்ல மனிதர். எவ்வளவு தூரம், எவ்வளவு துல்லியமான திரை, படம் மட்டும் போகணுமா, பேனா சமாச்சாரமும் சேர்ந்து போகணுமா என்று வரிசையாகக் கேட்க வாயெடுத்தார். "முதல்ல, டேப்லெட்டோட வந்த கேபிள் என்னாச்சும்மா?" என்பதுவரை கேட்டும்விட்டார்.

"அது குட்டை," என்றார் மாமனார். "நல்லா நீளமா, தடியா, பளபளன்னு ஒண்ணு எடுங்க. கேபிள்னா பார்த்தாலே ஒரு பயம் வரணும்."

அதற்குமேல் கடைக்காரருக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. தங்க முனை வைத்து, மேலே கயிறு போல் பின்னிய கேபிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. கப்பலைக் கட்டி நிறுத்தலாம் போன்ற கேபிள். சொருகியதும் டேப்லெட் சுகமாகச் சார்ஜ் ஏறிற்று. படம் மட்டும் வரவேயில்லை. அது சார்ஜ் போடுவதற்கென்றே பிறந்த கேபிளாம். படத்துக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாதாம்.

அடுத்து வாங்கியதில் படம் வந்தது. ஆனால் அவ்வளவு துல்லியமான திரைக்கு வேண்டிய புள்ளிகளையெல்லாம் சுமக்க அதற்குத் திராணியில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து படிப்படியாகத் தெரிந்தது.

"மாடிப்படி மாதிரி இருக்கு. குழந்தைங்க ஏறி விளையாடட்டும்," என்று மாமனார் அதையும் ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது யோசனையும் அவருடையதே. தகரப் பெட்டி நூடுல்ஸின் நுனியில் ஒரு அடாப்டர், அதன் நுனியில் இன்னொரு துண்டுக் கேபிள், பேனாவுக்குத் தனியாக வேறொன்று. படம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் பேனா ஓரிடத்தில் போனால் கோடு சற்று யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது. கண்மூடலோ முன்னைவிட அதிகமாகிவிட்டது.

இந்தக் கோலத்தில்தான் பதிப்பாசிரியர் அம்மாளுக்கு வீடியோவில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதே புத்தகத்துக்கு முதலில் வரைந்துகொண்டிருந்த ஓவியரை அவர் நிறுத்திவிட்டிருந்தார். படத்தைக் காட்டும்போதெல்லாம் அது கறுத்துக் கறுத்துப் போனதாம். கேட்டால் என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம் என்று சாதித்தாராம். சாக்குப்போக்கு என்றால் அந்த அம்மாளுக்கு ஆகவே ஆகாது.

மருமகள் குடையின் நிழலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்தார். திரை கறுத்தது.

"என்னம்மா, கை நின்னுடுச்சு?" என்றார் பதிப்பாசிரியர்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கணீரென்று பதில் போயிற்று. "அது ஒண்ணுமில்லைங்க. நான் எழுந்தேன்ல, அதான்."



"பூனை மேல ஏறிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க, குழந்தை காபியைக் கொட்டிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க," என்றார் அந்த அம்மாள் நிதானமாக. "மாமனார் எழுந்ததால திரை போச்சுன்னு இப்பதான் கேக்கறேன். நாளைக்கு மத்தியானம் கடைசிப் படத்தை என் கண்ணு முன்னால வரைஞ்சு முடிங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இந்த ஒரு புத்தகம் வந்துவிட்டால் போதும், அடுத்த வருஷம் முழுக்க வேலை வரும் என்று நம்பியிருந்தாள்.

மறுநாள் காலை மாமியார் ஒரு முடிவோடு வந்தாள். "இந்த மனுஷனோட பீற்றலால அந்தப் பொண்ணு வேலை போகப் போகுது. நீங்க எழுந்தாத்தான் அணையுமா? நகருங்க, நான் உட்கார்றேன்."

உட்கார்ந்தாள். மருமகளைத் திரையைப் பார்க்கச் சொன்னாள். எழுந்தாள்.

திரை கறுத்தது.

மாமியார் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். மறுபடி கறுத்தது. முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. "அப்போ எனக்கும் அந்த மரியாதை உண்டு," என்றாள். மாமனார் தன் பதவியில் பாதி பறிபோன மாதிரி நின்றார்.

மருமகள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். மாமனார் அருகில் இல்லாததால் அவர் முழுதாகப் பேச முடிந்தது. சில சுழல் நாற்காலிகளில் ஆள் எழும்போது மின்சாரம் பொறிவிடுமாம், கண்ணுக்குத் தெரியாதாம். உள்ளே உலோக உறை சரியில்லாத மெல்லிய கேபிள் என்றால் அந்தப் பொறி அதற்குள் புகுந்து படத்தைக் குலைத்துவிடுமாம். நீளமும் ஒட்டுப்போட்ட இடங்களும் கூடக் கூடத் தொல்லையும் கூடுமாம். "குட்டையா, நல்ல உறை போட்டதா, உங்க திரைக்குன்னு சோதிச்சதா இருக்கணும். அதாவது டேப்லெட்டோட வந்ததே போதும். அதைத்தான்மா நான் முதல்ல கேட்டேன்."

கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப்பெட்டி வெளியே வந்தது. இனி மேசை பழையபடி கம்ப்யூட்டர் பக்கத்துக்குப் போக வேண்டும், நாற்காலி ஜன்னலை விட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். மத்தியானத்துக்குள் மாற்றிவிடலாம் என்று ஏற்பாடு. மாமனார், கடைசியாக ஒருமுறை ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாற்காலியில் போய் அமர்ந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாசிரியர் அழைத்துவிட்டார். சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிட்டதாம், ஆரம்பிக்கலாமாம்.

மருமகள் பழைய ஒட்டுக் கேபிள்களோடு மாட்டிக்கொண்டாள். மாமனார் நாற்காலியில் மாட்டிக்கொண்டார்.

"எழுந்திருக்காதீங்க மாமா," என்றாள் உதடசையாமல்.

அந்த மனிதர் அன்று உட்கார்ந்த உட்காரலைக் கல்லில் செதுக்கி வைத்தாலும் தகும். வாசலில் மணி அடித்தது. அசையவில்லை. எறும்பு ஒன்று காலில் ஏறி, முழங்காலைச் சுற்றிப் பார்த்து, இடுப்புவரை சுற்றுலா போயிற்று. அசையவில்லை. அவசரமாகப் போக வேண்டிய இடம் ஒன்று வயிற்றுக்குக் கீழிருந்து நினைவூட்டியது. முகம் தக்காளியாகியது, கண்ணில் நீர் கோத்தது, அப்போதும் அசையவில்லை. மாமியார் ஒரு கையால் அவர் தோளை அழுத்திக்கொண்டு, மறு கையால் விசிறினாள்.

மருமகள் வரைந்தாள். பின்தங்கி வரும் கோட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து வரைந்தாள். வீட்டுக்கூரையை விட உயரத்தில் குடை விரிந்தது. அதனடியில் ஒட்டகச்சிவிங்கி, அதன் காலடியில் நனையாமல் நிற்கும் தெருப் பிராணிகள் அத்தனையும். கடைசியாக ஒரு மழைத்துளியைக் கொம்பு நுனியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அந்தப் பக்கம் பதிப்பாசிரியரின் முகம் இளகியது. அவர் கைதட்டிக்கொண்டே எழுந்து நின்றார். கைதட்டல் பாதியில் நின்றது.

"என்னம்மா இது? கறுத்துப் போச்சே."

மருமகள் தன் திரையைப் பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது. திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"உங்க மாமனார் எழுந்துட்டாரா?"

"இல்லைங்க மேடம். உட்கார்ந்துதான் இருக்கார்."

பதிப்பாசிரியர் தன் சுழல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். மெதுவாக எழுந்தார். இன்னொரு முறை உட்கார்ந்து, இன்னொரு முறை எழுந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பெரியவர்கிட்ட சொல்லுங்க, அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நான் எழுந்தாலும் அணையுது. ஏம்மா, நான் நிறுத்தின அந்த ஓவியரோட நம்பர் உங்ககிட்ட இருக்குமா?"