சிங்கில் வந்த கோங்கூரா

சமையலறை சிங்கில் தண்ணீர் அசையாமல் நின்றது. எதிரில் முரளிதரனும் அசையாமல் நின்றான். இரண்டில் எது முதலில் நகரும் என்று பார்க்க, தாட்சாயணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"இன்னாங்க, நேத்து மிஞ்சின பொங்கலு எங்க?"

"கரைச்சுத்தான் ஊத்தினேன்."

"எங்க?"

முரளிதரன் சிங்கைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். 

"ஒக்க மெதுகு படிதே இல்லு காலின்னு அந்தம்மா சொன்னது மறந்து போச்சா?"

மறக்கக் கூடிய வாக்கியமா அது? ஒரு பருக்கை சிங்கில் விழுந்தாலும் வீட்டைக் காலி செய்யணும் என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தார் வீட்டுக்காரர் சுலோசனாம்மா. முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள் சமையலறை, அந்தப் பக்கம் அவருடையது.

திருப்பதியில் பதினான்கு வீடு பார்த்து, பதினைந்தாவதாகக் கிடைத்த வீடு. தாட்சாயணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு நடந்தே போகலாம். முரளியை ஸ்ரீசிட்டிக்கு அழைத்துப் போகும் கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். பதினோரு மாச அக்ரிமென்ட் நாளையோடு முடிகிறது. மறுபடி எழுதுவதா வேண்டாமா என்று இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு நேரில் வந்து சொல்வதாகச் சுலோசனாம்மா சொல்லியிருந்தார்.

"மணி பத்துதான் ஆவுது. ஒரு சிங்கை சரி பண்ண ஏழு நிமிஷம் போதும், தாட்சா," என்றான் முரளி.

செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. சமையல் சோடாவைக் கொட்டி, மேலே வினிகர் ஊற்றணும். வீடியோவில் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிப் போனது. இங்கே நுரை பொங்கி வந்து மேடை மீது வழிந்தது.

"பொங்கல ஊத்தினீங்க, பொங்கலே வெச்சிடுச்சு," என்றாள் தாட்சாயணி.

நுரை அடங்கியபோது தண்ணீர் முன்னைவிட இரண்டு விரல் உயர்ந்திருந்தது.

முரளி கடைக்கு ஓடி, கழியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய அடைப்புப் பம்பு வாங்கி வந்தான். ஓட்டை மேல் வைத்து இருபது முறை அழுத்தினான். இருபதாவதில் 'கொளக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது.

"பார்த்தியா?"

பார்த்தாள். பாவம், வியர்வை சொட்ட நிற்கிறானே என்று அவனுக்குக் காபியும் போட்டுக் கொடுத்தாள். அவன் பாதி குடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் 'தட், தட்' என்று கேட்டது. சிங்க் ஏப்பம் விட்டது. போன தண்ணீர் திரும்பி மேலே வந்தது. அதன் மேல் கரும்பச்சையாக ஏதோ மிதந்தது.

தாட்சாயணி கரண்டியால் எடுத்து முகர்ந்தாள். "கோங்கூரா."

"புளிச்சகீரையா? எனக்குத் தெரியாம எப்ப ஆக்கித் துன்ன?"

"நீங்க ஷிப்ட்டுக்குப் போனதும் கதவ சாத்திக்கினு கோங்கூரா துன்னறதுதான் எனக்கு வேலை."

"கோச்சிக்காத. பழைய குடித்தனக்காரங்க போட்டதா இருக்கும்."

"பதினோரு மாசமா பச்சையா கீதா?"

முரளி பம்பை எடுத்தான். மறுபடி அழுத்தினான். போனது. மறுபடி 'தட், தட்'. மறுபடி வந்தது. இந்தத் தடவை கீரைக்காம்போடு ஒரு வரமிளகாயும் வந்தது.

"சுவத்த இடிக்கிறாங்க. சத்தம் கேட்டுடுச்சு போல. மெதுவா அழுத்துங்க," என்று கிசுகிசுத்தாள் தாட்சாயணி.

மெதுவாக அழுத்தினால் தண்ணீர் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக அழுத்தினான். அந்தப் பக்கமும் வேகமாக இடித்தார்கள். மத்தியானம் வரை இப்படியே போனது.

அடுத்த வீடியோ, சிங்குக்குக் கீழே பாட்டில் போலத் தொங்குவதைக் கழற்றச் சொன்னது. குப்பை அங்கேதான் தங்குமாம். ஒரு சிங்கு தண்ணீர்தானே என்று அடியில் ஒரு வாளி வைத்துவிட்டுத் திருகினான். வாளி நிரம்பியது. தாட்சாயணி குடத்தை நீட்டினாள், குடமும் நிரம்பியது. பிறகு பக்கத்தில் இருந்த அரிசி மூட்டை நனைந்தது.

"எங்கேர்ந்துங்க இவ்ளோ தண்ணி?"

"அதான் எனக்கும் தெரியல."

பாட்டிலைத் திரும்ப மாட்டும்போது மரை நசுங்கிவிட்டது. பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அவளுடைய பழைய துப்பட்டாவைக் கிழித்து இறுகக் கட்டினான். பைப்புக்குப் பல்வலி வந்ததுபோல் இருந்தது. கட்டு மட்டும் எப்படியோ நின்றது.

"பிளம்பரை கூப்பிடலாங்க. நான் பேசறேன்," என்றாள். அவளுக்குப் பிறந்த ஊர் ஆந்திர எல்லையோரப் பாலசமுத்திரம், தெலுங்கும் தமிழும் சேர்ந்தே வந்த நாக்கு. முரளிக்கு அரக்கோணம்.

"ஏன், ஸ்ரீசிட்டில ஒரு வருஷமா வேலை பார்க்கிறேன், இது கூட எனக்குப் பேச வராதா?" என்று போனை அவனே எடுத்தான். "அண்ணா, வண்டிண்ட்லோ குளாயி மூசுகுபோயிந்தி. அர்ஜென்ட்."

நான்கு மணிக்கு பிளம்பர் நரசிம்முலு வந்தார். சிங்கையோ அதில் நின்ற தண்ணீரையோ அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மாடிக்குப் போய் ஒரு வால்வை மூடிவிட்டு வந்து, சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். அவர் மூடியது பக்கத்து வீட்டு வால்வு. கழற்றிய இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் அடித்தது. சிங்க் நிரம்பி, மேடை நிரம்பி, மூன்று பேரும் நனைந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் "அம்மோ" என்று ஓர் அலறல்.

"போச்சு," என்றான் முரளி.

நரசிம்முலு மாடிக்கு ஓடிச் சரியான வால்வை மூடினார். வந்து பளபளவென்று ஒரு புதுக் குழாயை மாட்டி, திறந்து மூடிக் காட்டினார்.

"இன்னாங்க சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"சமையல்ரூம்ல குழாய் அடைச்சிக்கிச்சுன்னு."

"தெலுங்குல குளாயின்னா தண்ணி வர்ற இது மட்டும்தான். தண்ணி போறதுக்குப் பேரு பைப்பு. தண்ணி வர்ற குழாய் தெறக்க வரலன்னு சொல்லிக் கீறீங்க."

பைப்பு அடைப்பு தன் வேலை இல்லை, அதற்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டு நரசிம்முலு ஈரச் செருப்போடு இறங்கிப் போனார்.

மணி நாலே முக்கால். தரையெல்லாம் தண்ணீர். இருவரும் நனைந்த அரிசி மூட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். தாட்சாயணிக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கழி அழுத்தி இரண்டு கொப்புளம்.

"எரியுதா?"

"வீடு போனாக்கா நீ பஸ்ல இடிபட்டுக்கினு வேலைக்குப் போவணுமே, தாட்சா. எல்லாம் என்னால."

"போனா போவுது. பதினாறாவது வீடு பார்த்துக்கலாம். பொங்கல ஊத்தினது நாமதான்னு நாமளே சொல்லிடலாம். அவங்க வாயால காலி பண்ணுன்னு கேக்க வேணாம்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெல்ல, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல் தட்டும் சத்தம். முரளி எழுந்து, சட்டையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

சுலோசனாம்மா வரவில்லை. அவர் வீட்டில் வேலை செய்யும் கமலம்மா நின்றாள். தமிழ் பேசும் நகரிக்காரி. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில், முரளி வாங்கியது போலவே ஒரு ரப்பர் பம்பு. இன்னொரு கையில் ஒரு காகிதம்.

"கமலம்மா, அம்மாகிட்ட சொல்லிடு," என்று முரளி வேகமாக ஆரம்பித்தான். "தப்பு எங்க மேலதான். நாங்க..."

"ஐயோ சாமி, அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க," என்று கமலம்மா காகிதத்தை அவன் கையில் திணித்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிய புது அக்ரிமென்ட். சுலோசனாம்மா கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அம்மா வரலையா?" என்று தாட்சாயணி எட்டிப் பார்த்தாள்.

"பயந்துக்கினு வரல."

"யாருக்குப் பயந்துக்கினு?"

கமலம்மா முரளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வூட்டு சிங்குக்கும் ஒரே பைப்புதான? காலையிலேர்ந்து நாங்க தள்ளின கோங்கூராவையெல்லாம் நீங்க அவ்ளோ வேகமா திருப்பித் தள்ளிட்டீங்களா, 'இவ்ளோ கோவமா கீறவங்க நாளைக்கு வூட்ட காலி பண்ணிடுவாங்களே'ன்னு அம்மா ஒரு வாய் துன்னாம அழுதுக்கினு கீறாங்க."