மூன்றாவது டிஸ்க்

முன் சக்கரம் நிற்கவில்லை. வரதன் பாறையிலிருந்து வண்டியோடு வழுக்கி, வேலிகாத்தான் புதரில் போய் உட்கார்ந்தான்.

அது ட்ரையல்ஸ் வண்டி. சீட் கிடையாது. நின்றபடியே பாறைமேல் ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் மார்க் போச்சு. பழைய பைக்கை அறுத்து அவனும் மெக்கானிக் இருசப்பனும் செய்தது. பாறை உச்சியில் கால் ஊன்றாமல் அவன் நிற்பதைப் பார்த்தால் உத்திரமேரூர் ஏரிக் கொக்குக்கே பொறாமை வரும்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு கல்குவாரியில் போட்டி. ஜெயித்தால் சென்னை கிளப் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். தோற்றால் மறுநாளே கம்பெனி பஸ், நைட் ஷிப்ட். அதை உதறிவிட்டு வந்தவன் வரதன். அந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே சந்துக்குள் திரும்பிவிடுவான்.

அவன் மனைவி சிட்டம்மாள் முதலில் வண்டியை எலும்புக்கூடு என்றுதான் சொன்னாள். முன் சக்கரத்தில் வட்டத் தகடாய் டிஸ்க் பிரேக் வந்த பிறகு மனம் மாறிவிட்டது.

"பெருமாள் கையில கீற சக்கரம் மாதிரியே கீதுய்யா" என்றாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஆனால் வண்டிக்குக் குளியல், டேங்கில் குங்குமம், கற்பூரம்.

புதரில் விழுந்த கதையைக் கேட்ட இருசப்பன் டிஸ்க்கைத் தடவிப் பார்த்தான். "கண்ணாடி மாதிரி வெச்சினு கீற. டிஸ்க் மேல தப்பில்ல, அத்த கவ்வுற பேட்தான் மட்டம்."

பேட் மாற்றினான். பெட்ரோல் விட்டுத் துடைத்துப் பூட்டினான். புதன்கிழமை கடை வாசலில் பிரேக் சுவர் மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பாறையில் வழுக்கியது. இந்த முறை முழங்கை போனது.

"சின்ன டிஸ்க் லேசு, முன்சக்கரம் தூக்க சுலுவு. பெருசுன்னா கப்புனு புடிக்கும். எது வேணும்?" என்றான் இருசப்பன்.

"புடிக்கிறது குடுண்ணா. தோல் மிச்சமில்ல."

பெரிய டிஸ்க் வந்தது. இன்னும் மோசமாக வழுக்கியது. வரதன் சென்னைக்கே போய், முழுக்கத் துளை போட்ட மூன்றாவது டிஸ்க்கை வாங்கி வந்தான். துளை இருந்தால் சூடு ஏறாது என்றார்கள். சிட்டம்மாள் அதை இடியாப்பத் தட்டு என்று கொண்டாடினாள். அது எல்லாவற்றையும்விட வழுக்கியது.

வாங்க இனி டிஸ்க் இல்லை. வரதன் ஒரு முடிவுக்கு வந்தான். பிரேக்கை நம்புவதில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, முட்டியால் எடையை மாற்றி, கிளட்சை நூல் பிடித்த மாதிரி விட்டு இறங்கப் பழகினான். அடுத்த ஞாயிறுகளில் விழவில்லை. இருசப்பன் பீடியைப் பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டி நாளில் குவாரியின் பெரிய பாறையில் சென்னைக்காரர்கள் உச்சியிலேயே பிரேக்கைப் பிடித்தார்கள். முன் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஒருவன் கால் ஊன்றினான், இருவர் குட்டிக்கரணம் போட்டார்கள். வரதன் ஏறினான், உச்சியில் ஒரு மூச்சு நின்றான், அந்தப் பக்கம் தண்ணீர் போல இறங்கினான். கால் தரையில் படவே இல்லை.

கிளப் மேனேஜர் வேதகிரி ஓடி வந்து டிஸ்க் முன்னால் குந்தினார். வேலை உறுதி என்றார். எல்லா வண்டிக்கும் இதே பிரேக் வேண்டும் என்றார்.

"இவ்ளோ நைசா விடுதே. இன்னா செட்டிங்?"

"அது நம்ம தொழில் ரகசியம் சார்" என்று இருசப்பன் மார்பை நிமிர்த்தினான்.

பூஜைத் தட்டோடு பின்னால் நின்ற சிட்டம்மாள் அவனை முறைத்தாள்.

"இவரு இன்னா பண்ணாரு? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சக்கரத்துக்கு வெளக்கெண்ண தடவி, மினுமினுன்னு தொடச்சி வெச்சவ நானு. இன்னிக்கு போட்டியாச்சேன்னு ரெண்டு கை சேத்தே தடவனேன்."