மாடி வீட்டில் ஐந்து பேர்

என்றும் வணக்கத்துக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மருமகள், வீட்டுச் சுவர்கள், தண்ணீர் மோட்டார் ஆகிய எல்லோரும் நலம். அங்கே தங்கள் முழங்காலும் பெரியம்மாவின் தூக்கமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தது இதோடு போதும், விஷயம் அவசரம்.

வரும் வெள்ளிக்கிழமை பூட்டும் கையுமாக வந்து மாடி வீட்டைக் காலி செய்யப் போவதாகவும், கூடவே புதிதாகக் குடிவரப்போகும் பல் வைத்தியரை அழைத்து வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். போன கடிதத்தில் நான் எழுதியது தப்பு. ஒற்றை ஆள் என்று சொல்லிக் குடிவந்த அந்தப் பெண், நமக்குத் தெரியாமல் ஐந்து பேரை வைத்துக் குடித்தனம் நடத்துகிறாள் என்று எழுதினேன் அல்லவா, மாடியில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். எண்ணத் தெரிந்தவன் ஒன்றை எப்படி ஐந்தாக எண்ணினான் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். பாதியில் கடிதத்தை மடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

எனக்கு வேலை விடிவதற்கு முன்னால் ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும் என்பது தங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு முன் அறையில் படுத்தால் தலைக்கு நேர் மேலே அவளுடைய அறை. நீங்கள் கட்டிய வீட்டைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது, ஆனால் அந்தத் தளத்தை நீங்கள் இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கலாம். மேலே ஒரு பேனா விழுந்தால் கீழே மூடியா முனையா என்று சொல்லிவிடலாம். முதல் நாள் ஒரு தாய் குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டு கேட்டது. கல்யாணம் ஆகாதவள் என்றாளே, குழந்தை எங்கிருந்து வந்தது என்று எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் ஒரு சின்னப் பெண் மூச்சு விடாமல் யாரையோ திட்டுகிறாள், திட்டு அத்தனையும் தாளத்தில் விழுகிறது. அப்புறம் ஒருத்தி இழவு வீட்டில் அழுகிற மாதிரி நீட்டி நீட்டி அழுதாள். அடுத்தது ஒருவன் தெருவில் கூவி விற்கிற குரல், மாடியில் எந்தத் தெரு இருக்கிறது, யாரிடம் விற்கிறான். கடைசியாக ஒரு கிழவன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் தொண்டையைச் செருமுகிற சத்தம் இருக்கிறதே, பழைய லாரியை மேட்டில் கிளப்புகிற மாதிரி. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

தபால் பிரிக்கும் அறையில் நின்று நின்று எனக்கு ஒரு பழக்கம். எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாக அலமாரி, ஊருக்கு ஓர் அறை, கையில் வருவதைப் பார்த்த மாத்திரத்தில் அதனதன் அறையில் வீச வேண்டும், யோசித்தால் மூட்டை நின்றுவிடும். வீட்டிலும் அதையே செய்தேன். தாய், வாயாடி, அழுகிறவள், கூவி விற்கிறவன், கிழவன். ஐந்து அறை, ஐந்து ஆள். உங்கள் மருமகளிடம் சொன்னேன். "மேலே போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்," என்றாள். தனியாக ஒரு பெண் இருக்கும் வீட்டுக்கு முறையில்லாமல் போகக் கூடாது என்றேன். தனியாக இருக்கிறாள் என்றால் ஐந்து பேர் எப்படி என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியில் ஏதோ இடித்தது, ஆனால் நான் தூங்கிவிட்டேன். மாடிக் கதவுக்கு வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. மற்ற நான்கு ஜோடியையும் உள்ளே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு உங்களுக்கு எழுதிப் போட்டேன்.

அப்புறம் உங்கள் பதில் வந்தது. நீங்கள் வந்து நிற்கும்போது அந்த ஐந்து பேரும் பின்பக்கமாக நழுவிவிட்டால் என் பேச்சு என்ன ஆவது என்று, முன்கூட்டியே கையும் களவுமாகப் பிடித்துவைக்க முடிவு செய்தேன். மாடிச் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் எனக்கு வெகுநாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துக் குழாய் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பேச்சுக் கொடுக்கிறேன், நீ தலைகளை எண்ணு என்று படியிலேயே சொல்லிவைத்தேன்.

கதவைத் திறந்தவள் எங்கள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்ததும் சமையலறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"அந்தக் குழாய்ல மட்டும் கை வைக்காதீங்க அண்ணா. இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழாய்க்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அவள் எங்களை நாற்காலியில் உட்காரவைத்தாள். (தண்ணீர் வீணாகிறது என்று பதற வேண்டாம், கீழே வாளி இருக்கிறது, அந்தத் தண்ணீரில்தான் துணி துவைக்கிறாள்.) குழாய் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டாள், அப்புறம் மடியில் ஒரு சின்ன நரம்பு வாத்தியத்தை வைத்துக்கொண்டு, சொட்டுக்குச் சொட்டு இடைவெளியில் பாட ஆரம்பித்தாள். பெரியப்பா, அந்தத் தாய் வந்தாள். நான் படுத்தபடி கேட்ட அதே தாய், என் கண்ணுக்கு முன்னால், அவள் வாயிலிருந்து. தாய் தூங்கவைத்துக்கொண்டிருந்தது குழந்தையை இல்லை, ஒரு வீட்டை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிறவள், நீயாவது தூங்கு என்று வீட்டுக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். இரண்டாவது அடியில் வாயாடி வந்து தன்னையே திட்டிக்கொண்டாள். தெருவில் கூவுகிறவன் வந்து பூட்டு ரிப்பேர், சாவி ரிப்பேர் என்று விற்றுக்கொண்டு போனான். பிறகு அந்த அழுகை.

பூட்டிக் கெடக்குது என் வீடு
புழுங்கிக் கெடக்குது என் மூச்சு
உள்ளே இருக்குறவ கதவைத் திற
வெளியே நிக்கிறதும் நீதானே

எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்த அதே நேரத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. அப்போது பார்த்துக் கிழவன் வந்தான். தொண்டையைச் செருமினான். "சாவிங்கிறது கையில இருக்கணும்மா, வீட்டுக்குள்ள இல்ல" என்றான். குழாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த வீட்டில் இப்படி ஒரு கிழவன் இருக்கிறானோ பாவம் என்றுகூடச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாத்தியத்தின் நரம்பை முறுக்கினாள்.

கீழே வந்து உங்கள் மருமகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அவள் வாராவாரம் மாடிக்குப் போய் டீ குடித்துப் பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறாளாம், என்னிடம் சொன்னால் நான் போய்ச் சட்டம் பேசுவேன் என்று சொல்லவில்லையாம். "அந்தக் கிழவன் யாருன்னு இன்னுமா புரியல? அவ கதவு பூட்டிக்கிட்டு நின்ன அன்னிக்கு மாத்துச் சாவி எடுத்துட்டுப் போனது யாரு?" என்று கேட்டாள். நான்தான் போனேன். கதவைத் திறந்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் புத்திமதியை நான்தான் சொன்னேன். ஆக, ஐந்து பேரில் ஒருவனைப் பற்றி நான் உங்களுக்கு எழுதிய புகார் என்னைப் பற்றியது. எனக்கு அப்படி ஒன்றும் வயதாகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு நமைச்சல் பிடித்துக்கொண்டது. இது என்ன வகைப் பாட்டு என்ற நமைச்சல். கடிதம் வந்தால் ஓர் ஊர் இருக்க வேண்டும், பாட்டு என்றால் ஒரு வகை இருக்க வேண்டும் அல்லவா. தாலாட்டு என்று போட்டால் நடுவில் சண்டை வருகிறது. ஒப்பாரி என்று போட்டால் சிரிக்கவைக்கிறாள். சாமி பாட்டோ என்று கைகூப்பப் போனால் அது பக்கத்துக் கடைத் தராசைப் பற்றியதாக இருக்கிறது. வேலையிலும் இதே நினைப்பு. பக்கத்தில் நிற்கிறவரிடம் முணுமுணுத்துக் காட்டினேன், அவர் கிராமத்துப் பாட்டு என்றார், எதிரில் நின்றவர் வெளிநாட்டுச் சரக்கு என்றார், மேற்பார்வையாளர் வந்து இது விளம்பரம் என்றார், மூவருக்கும் வாக்குவாதம் முற்றி ஒரு மூட்டை முழுக்க வேறு ஊருக்குப் போய்விட்டது. எங்கள் அலமாரியின் அடியில் ஓர் அறை உண்டு. ஊர் புரியாத, எந்த அறையிலும் போட முடியாத தபாலை அதில் போடுவோம். எல்லோரும் அவசரமாக வீசிவிட்டுப் போகிற அறை, ஆனால் வேலை முடிந்தபிறகு எல்லோரும் குனிந்து புரட்டிப் பார்க்கிற அறையும் அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவள் ஞாபகம் வருகிறது.

பொறுக்க முடியாமல் நேரில் கேட்டே விட்டேன். அவள் காலையில் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலையில் இருக்கிறாள். எந்தப் பேருந்து எந்த நடைமேடை என்று கரகரவென்று வருமே, அந்தக் குரல்தான். இத்தனை நாள் அந்தக் குரல் சொன்ன இடத்தில் போய் நின்றுதான் நான் பேருந்து ஏறியிருக்கிறேன். இதே கேள்வியை வானொலியிலும் கேட்டார்களாம், பாட்டு விற்கிற கடையிலும் கேட்டார்களாம். என்ன வகை என்று சொன்னால் அந்த நேரத்தில் போடுகிறோம், அந்த அடுக்கில் வைக்கிறோம் என்றார்களாம்.

"காலை பூரா எல்லாரையும் அவங்கவங்க நடைமேடைக்கு அனுப்புறது நான்தான் அண்ணா. என் பாட்டுக்கு மட்டும் எந்த நடைமேடைன்னு எனக்குச் சொல்லத் தெரியல," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் ஏதாவது புத்திமதி சொல்ல வேண்டும் போலிருந்தது. செருமக்கூட பயம், அதையும் பாட்டில் போட்டுவிடுவாள்.

இப்போது அவள் ஒரே மூச்சில் ஒரு பாட்டுத் தொகுப்பை முடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பதிவு செய்ய அவளுக்கு வேறு இடம் கிடையாது. அந்த அறை, அந்த ஜன்னல், அந்தக் குழாய்ச் சொட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. குழாய்க்காரர்கூட மறுபடி வந்து, சொட்டு கொஞ்சம் வேகமாகிவிட்டது என்று அவள் சொன்னதற்காகத் திருகிப் பதம் பார்த்துவிட்டுப் போனார். சொட்டுவதற்காக ஒரு குழாயைச் சரிசெய்தது அவருக்கு இதுதான் முதல் தடவையாம். வெள்ளிக்கிழமை நீங்கள் பூட்டைத் தொங்கவிட்டால் பாதிப் பாட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். என் வாயால் வந்த வினை இது, அதனால் தூக்கமே வரவில்லை. நாளைக்கு என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள நான் வேலையிலிருந்து ஓடிவருகிறேன் பெரியப்பா. இந்த வயதில் எனக்கு வேறு எதைப் பற்றியும் இப்படி ஆசை வந்ததில்லை.

பல் வைத்தியர் சத்தமே போடாத மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போட மாட்டார், அவரிடம் வருகிறவர்கள் போடுவார்கள், அதை யோசித்தீர்களா. மாடியில் பாட்டு உண்டே தவிர இந்த வீட்டில் சத்தம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதற்கு நான் பொறுப்பு. இனிமேல் சத்தம் என்று ஒரு புகார் வந்தால், அதற்குக் காரணமான ஆள் யாராக இருந்தாலும் தயவுதாட்சணியம் பார்க்காமல் வீட்டைவிட்டு வெளியேற்றலாம். இது உங்கள் தம்பி மகன் எழுதித் தருகிற உறுதி.

பெரியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும். அண்ணன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கவும். பயணம் வேண்டாம்.

தங்கள் பாதம் பணியும்,
தம்பி மகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுச் செருப்பைப் போடும்போது மாடிப் பெண் இறங்கிவந்தாள். ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு ஒரு புகார், நீங்கள்தானே அனுப்ப வேண்டும் என்றாள். என்ன என்றேன். "கீழ் வீட்டுச் சத்தம் தாங்கல. நான் ஒரு வரியைப் பாதி யோசிக்கும்போதே மீதிப் பாதி கீழேருந்து பாட்டா வந்துடுது. அதுவும் என் தலைக்குள்ள வந்து உக்காந்துக்குது. இப்படியே போனா நான் வேற வீடுதான் பாக்கணும்," என்றாள். கீழ் வீட்டில் யாரும் பாடுவதில்லையே என்றேன். உங்கள் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி தினமும் பாடுகிறேனாம். எனக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் வரவும். பூட்டையும் கொண்டு வரவும், பூட்ட வேண்டியது கீழ் வீட்டை. பல் வைத்தியரைக் கீழே வைத்துக்கொள்ளலாம். நான் உங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்துகொள்கிறேன். உங்கள் மருமகள் என்னோடு வரவில்லையாம், மாடியில் இடம் இருக்கிறது என்கிறாள். அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதும்போதே மாடிப் பெண் மேலே போய் ஆரம்பித்துவிட்டாள். புதுப் பாட்டு. இரண்டாவது வரியில் பாதியில் நிறுத்திவிட்டாள். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக நான் சேர்ந்துகொள்கிற இடம் இது என்று உங்கள் மருமகள் ஜாடை காட்டுகிறாள். மாடியில் அவள் இன்னும் மீதியைப் பாடவில்லை, காத்திருக்கிறாள் போலிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன் பெரியப்பா, ஆனால் ரொம்ப நேரம் தாங்காது.