உங்கள் தங்கை வளர்க்கும் ஜந்து

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட புண்ணியவான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். மனசளவில் நான் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் மூட்டுவலி குறைந்து, மத்தியானத் தூக்கம் வழக்கம்போல் ஆழமாக வரும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் தங்கை இப்போது வேற்றுக்கிரகவாசிகளைத் துப்பறிகிறாள். வாரம் ஒரு ஒலி நாடகம். எழுதுவது அவள், துப்பறியும் அதிகாரி அவள், கீழ்வீட்டுத் தையல்கார அம்மாள் உதவி அதிகாரி, பேய் தேவைப்பட்டால் அதுவும் தையல்கார அம்மாள். ஊரே போனில் கேட்கிறதாம். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் ஒலிப்பதிவுக்கூடம் என் துணி அலமாரி. உள்ளே துணி தொங்கினால்தான் எதிரொலி வராதாம், ஆகையால் என் சட்டைகளில் கை வைக்கக் கூடாது. ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன். ஃபேன் ஓடக் கூடாது. ஃப்ரிட்ஜ் உறுமக் கூடாது என்று நிறுத்துவாள், மறுபடி போட மறந்துவிடுவாள், பால் திரிந்துபோகும், அதற்கும் நான்தான் காரணம். பறக்கும் தட்டு இறங்கும் சத்தத்துக்காக மிக்ஸியில் கோலிக்குண்டைப் போட்டு அரைத்தாள். தட்டு இறங்கியது, மிக்ஸி போய்ச் சேர்ந்தது. பொறுக்க மாட்டாமல் அலமாரிக் கதவைத் தட்டி, “ஏம்மா, ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்றேன். “நல்லா தட்டுறீங்களே, இன்னொரு தரம் தட்டுங்க” என்றாள். தட்டினேன். காபி வரவில்லை.

ஓய்வுக் காலத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன், மச்சான். அவள் பேசுகிறாள், அலமாரிக்குள்ளிருந்து, செவ்வாய்க் கிரகத்தோடு. எனக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருக்கிறது.

நேற்று மாடிப்படியில் மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க நின்றிருந்தார். “சார், உங்க வீட்டம்மா நாடகத்துல லிஃப்ட் குழிக்குள்ள ஒரு ஜந்து மூச்சு விடுதே, அய்யய்யோ! நாங்க இப்பல்லாம் குடும்பத்தோட படியிலதான் ஏறுறோம்” என்றார். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி என்ன ஜந்து என்று முதல்முறையாக நானும் அந்த நாடகத்தைப் போட்டுக் கேட்டேன். கர்ர்ர் என்று ஒரு இழுப்பு, முடிவில் ஒரு விசில், பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், “கதவை... ஒழுங்கா... சாத்துங்க...” உடனே அதிகாரி, அதாவது உங்கள் தங்கை, “ரெண்டு உலகத்துக்கும் நடுவுல ஏதோ கதவு தெறந்து கெடக்கு!” என்று நடுங்குகிறாள்.

மச்சான், அது என் குறட்டை! லிஃப்ட் கதவைச் சாத்தாமல் பட்டனை அமுக்குகிறவர்களிடம் வேலைக்காலம் முழுக்கக் கத்தியதை மத்தியானத் தூக்கத்தில் உளறியிருக்கிறேன். அவள் என் தலைமாட்டில் மைக்கை வைத்து அதைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து, என்னை ஜந்துவாக்கிவிட்டாள். கேட்டால், “முழிச்சிருக்கும்போது நீங்க இவ்வளவு நல்லா பேசுனதே இல்லீங்க” என்கிறாள்.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி, அந்த அலமாரியை மீட்டுத் தரவேண்டும். அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, இரண்டிலும் சேராதவர்களுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
அலமாரி நிறையச் சட்டை இருந்தும் மாற்றுச் சட்டை இல்லாத,
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் தையல்கார அம்மாள் வந்தார். ஜந்துவை இந்த வாரம் கொன்றுவிடுவதாக இருந்தார்களாம், கேட்பவர்கள் ஒப்பவில்லையாம். “இனிமே முழிச்சிக்கிட்டே பேசணும், வாங்க” என்று உங்கள் தங்கை என்னை அலமாரிக்குள் உட்காரவைத்து வசனம் சொல்லிக்கொடுத்தாள். என் சட்டைகளுக்கு நடுவே முட்டி இடிக்க உட்கார்ந்து, சாயங்காலம் முழுக்கப் பேசினோம், நான் ஜந்துவாக, அவள் அதிகாரியாக. எவ்வளவு காலம் ஆயிற்று, மச்சான்! ஆகையால் நீங்கள் தயவுசெய்து வரவேண்டாம். வந்தால் மத்தியானம் தூங்குவீர்கள். உங்கள் குறட்டை என்னுடையதைவிடப் பெரியது. உங்கள் தங்கைக்கு அது நன்றாகத் தெரியும்.