அதாவது சாரும் முட்டைப் பந்தும்

பாடம் பிழிகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எது நடந்தாலும் அதை ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்து, சொட்டுகிற நீதியை அடுத்தவர் தலையில் தெளித்தால்தான் இவர்களுக்குப் பொழுது போகும். பேருந்து தாமதமாக வந்தால் பொறுமையைப் பற்றி ஒரு கருத்து. சீக்கிரம் வந்துவிட்டால் விழிப்பைப் பற்றி ஒரு கருத்து. வராமலே போனால் இருக்கவே இருக்கிறது, நடையின் பெருமை. கெட்டவர்களா? சேச்சே! இவர்களைப் போல நல்லவர்களைப் பார்ப்பதே அபூர்வம். அதுதானே கஷ்டம். கெட்டவராக இருந்தால் ‘வாயை மூடுய்யா’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

இந்த இனத்தைச் சேர்ந்த நம்மவர் ஒரு பெயின்ட் கடைக்காரர். நீல நிறம் வேண்டும் என்று யாராவது வந்தால் போதும். டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் கடகடவென்று ஆடி ஓய்வதற்குள், “அதாவது, மனுஷனும் இப்படித்தாங்க. நாலு குலுக்கு குலுக்கினாத்தான் நிறம் ஒண்ணு சேரும்” என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் பிரஷும் வாங்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டு ஓட்டம் எடுப்பார். ஒருநாள் வீட்டில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே நின்ற நம்மவர், கோபம் என்பது எப்படிப் பொங்குகிறது, கடைசியில் அடுப்பையும் அணைத்துத் தன்னையும் எப்படி வீணாக்கிக்கொள்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அதை நிறுத்திட்டு அப்புறமா சொல்லக் கூடாதா?” என்று ஓடி வந்தார் மனைவி.

“நிறுத்திட்டா உனக்கு எப்படிம்மா புரியும்?”

இப்படிப்பட்டவர் கையில் ஒரு விளையாட்டு கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது. கட்டடம் ஒன்றுக்கு பெயின்ட் கொடுக்கப் போன இடத்தில், மணல் குவியலுக்குப் பின்னால், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ரக்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து கிடையாது. கந்தல் துணியைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். கற்றுக்கொடுத்தது பக்கத்துத் தெரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகளைப் பார்த்து நம்மவர் உண்மையாகவே கண் கலங்கினார். அடுத்த வாரமே முட்டை வடிவத்தில் நிஜப் பந்துகள், எல்லாக் காலுக்கும் ஷூ, சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மைதானம், எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு விளக்கமும் இல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான். செய்து முடித்ததும், விட்டதையெல்லாம் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்.

ரக்பியில் பந்தை முன்னால் ஓடுகிறவருக்கு வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பாடம் பிழிகிறவருக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? பந்து கைமாறும்போதெல்லாம் கோட்டைத் தாண்டி உள்ளே வருவார். கையைத் தூக்குவார். ஆட்டம் நிற்கும்.

“அதாவது, கண்ணுங்களா, பின்னாடி வர்றவனுக்குக் குடுத்தாத்தான் நாம முன்னாடி போக முடியும். இதுலேர்ந்து நாம என்ன கத்துக்கிறோம்?”

பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது விழுந்தால் எழுவதன் மகிமை. பந்து கோணலாகத் துள்ளினால் விதியின் விளையாட்டு. ஒருவனுக்கு முழங்கை பட்டுப் பல் ஆடியபோது பாதுகாப்பைப் பற்றி நீண்ட உரை. அதன் முடிவில், பல்லுக்குக் கவசமாகக் கடித்துக்கொள்ளும் ரப்பரை எல்லோருக்கும் வாங்கித் தந்து, ‘மைதானத்துக்குள் யார் ஆடினாலும் இது இல்லாமல் ஆடக் கூடாது’ என்று அவரே சட்டமும் போட்டார். பிள்ளைகள் அதற்கு ‘பல்செட்டு’ என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு வைத்திருந்த பெயர் ‘அதாவது சார்’. சார் பேசி முடித்து மூச்சு வாங்கும்போது, மைதானத்துக்கு அடுத்த உரிமைக்காரர்களான கால்பந்துக் குழு வாசலில் வந்து நிற்கும். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். நாள் முழுதும் நோயாளிகளிடம் ‘மூச்சை இழுங்க, அசையாதீங்க, அவ்வளவுதான்’ என்பதற்கு மேல் பேசாதவர். அதோடு, பந்து வாங்கித் தந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

அந்தச் சனிக்கிழமைதான் வந்தது வினை.

பிள்ளைகளில் ஒருத்தி ஒட்டடைக்குச்சி. உயரத்துக்கும் ஒல்லிக்கும் கிடைத்த பெயர். காற்றாக ஓடுவாள். ஆனால் எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால்தானே புள்ளி? அதற்கு ‘ட்ரை’ என்று பேர். அவள் இதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லை. அவள் கோட்டை நெருங்கும்போதெல்லாம் நம்மவருக்கு ஏதாவது தோன்றிவிடும், கையைத் தூக்கிவிடுவார். கட்டடத்தில் அவளுடைய அப்பா அம்மாவுக்கு மட்டும் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை அவர்கள் லாரியில் சாமான் ஏற்றுகிறார்கள். அடுத்த இடத்தில் மணல் இருக்கும். மைதானமும் அக்காவும் இருக்கமாட்டார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நம்மவர் தொண்டையைச் செருமினார். பிரிவைப் பற்றி அருமையாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தார். ஒட்டடைக்குச்சி அவரிடம் ஓடி வந்தாள்.

“சார், எங்க பக்கம் ஒரு ஆளு குறையுது. நீங்க வர்றீங்களா?”

“நானா?” நம்மவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவரை யாரும் விளையாடக் கூப்பிட்டதில்லை. “எனக்கு வயசாயிடுச்சே பாப்பா…”

“தொட்டாலே அவுட்டுதான் சார். யாரும் உங்களைத் தள்ள மாட்டாங்க.”

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்து நீட்டினார். “உள்ள வந்தா பல்செட்டு கட்டாயம் சார். நீங்க போட்ட ரூல்தான்.”

மறுக்க முடியுமா? கடித்துக்கொண்டார். ‘அதாவது’ என்று சொல்லிப் பார்த்தார். ‘ஆவாவூ’ என்று வந்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

அன்று ஆட்டம் நடந்தது. நிற்காமல் நடந்தது. நம்மவருக்குள் கருத்துகள் வரிசை கட்டி நின்றன. வெளியே வர வழியில்லாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. மூச்சிரைத்தது. ஓடினார். இத்தனை மாதமும் பிள்ளைகளை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. குட்டையன் ஒருவன் ஓடும்போது நாக்கைத் துருத்துகிறான். இரண்டு பேர் பந்து வராதபோதுகூடக் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் பந்து அவர் கைக்கு வந்துவிட்டது.

“சார்! குடுங்க! இங்க!”

ஒட்டடைக்குச்சி அவரைத் தாண்டி முன்னால் ஓடிவிட்டாள். நம்மவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முன்னாலேயே வீசினார். பிடித்தாள், பாய்ந்தாள், கோட்டுக்கு அப்பால் விழுந்து பந்தை அழுத்தினாள். அக்காவின் விசில் ஒலித்தது.

“ட்ரை கிடையாது. பந்து முன்னால போயிடுச்சு.”

வாரா வாரம் பாடம் எடுத்த மனிதர் அதே பாடத்தில் தோற்றார்! ஒட்டடைக்குச்சி தரையிலிருந்து எழவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தாள். நம்மவர் ஓடிப் போய் அவளிடம் என்னென்னவோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். என்னால்தான், என்னால்தான் என்று. அவருடைய உரைகளிலேயே அவளுக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். எழுந்தாள்.

வாசலில் கால்பந்துக் குழு வந்து நின்றது. அக்கா மணியைப் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். கடைசி ஆட்டம். எதிரணியில் யாரோ பந்தைத் தவறவிட, அது உருண்டு நம்மவர் காலடிக்கு வந்தது. எடுத்தார். முன்னால் நாலைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு தொட ஓடி வந்தார்கள். அவள் எங்கே? திரும்பிப் பார்த்தார். பின்னால், ஓரமாக, தலைமுடி பறக்க வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதற்கப்புறம் அவளை யாராலும் தொட முடியவில்லை. கோட்டைக் கடந்தும் நிற்காமல் வேலி வரைக்கும் ஓடினாள். திரும்பி வந்து, நிதானமாகக் குந்தி, பந்தைத் தரையில் வைத்து அழுத்தினாள். அக்கா விசிலை ஊதிய ஊதில் கால்பந்துக்காரர்களே கைதட்டினார்கள்.

நம்மவர் பல்செட்டைக் கழற்றினார். பிள்ளைகள் பழக்க தோஷத்தில் புல்லில் உட்கார்ந்தார்கள்.

“நாளைக்கு எந்த ஊரு பாப்பா?” என்றார் நம்மவர்.

“தெரியாது சார். லாரி நிக்கிற இடம்.”

வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. குனிந்து அந்தப் பந்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த சனிக்கிழமை, மௌனத்தின் மேன்மையைப் பற்றி மைதான நேரத்தில் பாதியைப் பேசித் தீர்த்தார். அக்கா விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

“அதாவது, நம்ம ஒட்டடைக்குச்சிகிட்டேருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?”

நாக்கைத் துருத்தும் குட்டையன் கையைத் தூக்கினான். “அவ வேகமா ஓடுவா சார்.”

“அது சரி கண்ணு. அதுக்கு உள்ள ஒரு பாடம் இருக்கே?”

அவன் யோசித்தான். “இல்ல சார். வேகமா ஓடுவா. அவ்ளோதான்.”

அந்தப் பதிலைப் படித்ததும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள், நான் பார்த்தேன். சின்னப் பையன் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டான், நாமெல்லாம் இதிலிருந்து கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது என்று மனசுக்குள் ஓர் உரை கிளம்பியிருக்குமே? பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் எழுந்திருப்பீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். அவர் ஏதோ வேலையாக இருக்கிறார், பாவம்.