இடி கேட்காத கேள்வி

"காபி" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். துருப்பிடித்த கதவைத் திறப்பது போல 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பூனை ஏதாவது உள்ள வந்துடுச்சா?"

அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மறுபடி முயன்றார். மறுபடி க்ரீச்.

"ஐயய்யோ! இன்னிக்கா? இன்னிக்குப் பார்த்தா?"

நாடாளுமன்றத்தில் அவருக்கு 'இடி' என்று பெயர். எதிர்க்கட்சி வரிசையில் அவர் எழுந்து நின்றாலே ஆளுங்கட்சிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மைக்கை அணைக்கலாம், அவரை அணைக்க முடியாது. அப்பேர்ப்பட்ட இடி, நேற்று சாயங்காலம் பூட்டிக் கிடந்த வங்கி வாசலில் முண்டியடித்த தன் தொகுதி மக்களிடம் "தள்ளாதீங்க! யாரும் தள்ளாதீங்க!" என்று கத்திக் கத்தியே ஒரேயடியாக அடங்கிப் போயிருந்தது.

அதுவும் எந்த நாளில்! நாட்டிலிருக்கும் வங்கிகளெல்லாம் மூடி இரண்டு வாரமாகிறது. எப்போது திறக்கும் என்று நிதியமைச்சர் வாயே திறக்கவில்லை. இன்றோடு கூட்டத்தொடர் முடிகிறது. இன்றைக்கு விட்டால் அப்புறம் மழைக்காலம் முடிந்துதான் அவை கூடும். 'வங்கிகளை எப்போது திறப்பீர்கள்?' என்ற கேள்வி இடியின் பெயரில் பதிவாகியிருந்தது. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரேதான் எழுந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கேள்வி செத்தது. அவை விதி அப்படி.

போன் அடித்தது. அவருடைய அக்கா. தையல் கூடம் நடத்துகிறவள்.

"தம்பி, டிவி முன்னாடி உக்காந்துட்டோம்டா. பொண்ணுங்க எல்லாம் சம்பளம் வாங்காம எனக்காக வேலைக்கு வந்துட்டு இருக்குதுங்க. இன்னிக்கும் பதில் வரலைன்னா கூடத்தை இழுத்துப் பூட்டிடுவேன். நல்லா நறுக்குன்னு கேளு. என்ன, கேப்பியா?"

"க்ரீச்."

"என்னடா பல்லை நறநறன்னு கடிக்கிற? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ஏன் பேச மாட்டேங்கிற? அந்தப் பக்கம் சாஞ்சிட்டியா நீயும்?"

மனைவி போனைப் பிடுங்கி, "அண்ணி, அவருக்குத் தொண்டை..." என்று தொடங்குவதற்குள் அக்கா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

மனைவி சும்மா இருக்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். "கொப்பளிங்க. நல்லா அண்ணாந்து கொப்பளிங்க." அவசரத்தில் அவள் ஆற்றவில்லை, அவசரத்தில் அவரும் பார்க்கவில்லை. நாக்கு வெந்து போயிற்று. இப்போது க்ரீச்சும் கொஞ்சம் குழறி வந்தது.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி அறைக்குள் அவர் நுழைந்தபோது தலைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"வாங்க இடி! நாடே உங்க வாயைத்தான் பார்த்துட்டு இருக்கு. எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

இடி சொல்லிக் காட்டினார்.

தலைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கப்பா!"

டாக்டர் ஓடிவந்தார். தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து உள்ளே புஸ்புஸ்ஸென்று அடித்தார். "பத்து நிமிஷம் பேசாம இருங்க. அப்புறம் பாருங்க, மணி மாதிரி கணீர்னு வரும்."

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து இடி மூச்சை நன்றாக இழுத்து வாயைத் திறந்தார்.

க்ரீச்சும் போய்விட்டிருந்தது. வெறும் காற்று.

"சில பேருக்கு இப்படியும் ஆகும்" என்றார் டாக்டர், பையை மூடிக்கொண்டே.

"எப்பய்யா குரல் வரும்?"

"நாளைக்கு வந்துடும். இல்லாட்டி நாளன்னைக்கு."

டாக்டர் தலைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அங்கே நிற்கவில்லை.

அவை மணி அடித்தது. அப்போதுதான் இடிக்குப் பின்வரிசையில் உட்காரும் உறுப்பினர் முன்னால் வந்தார். அரசியலுக்கு வருமுன் மேடை நாடகத்தில் ராஜா வேடம் போட்டவர். எல்லோரும் அவரை நாடகக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"தலைவரே, கவலையை விடுங்க. இவர் எழுந்து வாயை மட்டும் அசைக்கட்டும். நான் பின்னாடி குனிஞ்சு உக்காந்து குரல் கொடுக்கிறேன். டப்பிங்! ஒருத்தனுக்கும் தெரியாது."

"மாட்டிக்கிட்டோம்னா?"

"மேடையில ஊமை ராணிக்கே நான் பாட்டுப் பாடியிருக்கேன்."

ஒரு முறை ஒத்திகை பார்த்தார்கள். இடி வாயசைத்தார். பின்னாலிருந்து கம்பீரமாக, "அருமை நாட்டு மக்களே! என் ரத்தத்தின் ரத்தமே!" என்று குரல் எழுந்தது.

"யோவ், எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுய்யா!" என்று தலைவி அலறினார்.

வேறு வழியில்லை. கிளம்பினார்கள்.

அவை நிரம்பி வழிந்தது. பார்வையாளர் மாடத்தில் நிற்க இடமில்லை. கேமராக்கள் எல்லாம் எதிர்க்கட்சி வரிசையையே பார்த்திருந்தன. இடி பின்னால் திரும்பிப் பார்த்தார். நாடகக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

முதல் கேள்வி ஆளுங்கட்சி உறுப்பினருடையது. "நம் வங்கிகள் நலமாக உள்ளனவா?" என்று குசலம் விசாரிப்பது போலக் கேட்டார். நிதியமைச்சர் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்து, "நம் வங்கிகள் பாறை போல உறுதியாக உள்ளன" என்று நிதானமாகப் படித்தார்.

"பாறைதான்! அதான் திறக்கவே முடியல!"

அவையே அதிர்ந்தது. கத்தியது நாடகக்காரர். பாவம், மேடைப் பழக்கம், வசனம் தானாக வந்துவிட்டது. அமைச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. படித்துக்கொண்டே போனார். நாடகக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து நின்று கையை விரித்துக்கொண்டு இன்னும் நாலு வசனம் பேசினார்.

சபாநாயகர் மேசையைத் தட்டினார். "உறுப்பினர் உட்காரவும்! உட்காரவும்! சரி, வெளியே அழைத்துச் செல்லுங்கள்."

இரண்டு காவலர்கள் டப்பிங்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தலைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அடுத்த கேள்வி" என்று சபாநாயகர் இடியின் பக்கம் திரும்பினார். "உறுப்பினர் கேட்கலாம்."

இடி எழுந்தார். ஆளுங்கட்சி வரிசையில் பலர் பழக்க தோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவருக்கு அக்காவின் நினைவு வந்தது. டிவி முன்னால் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் நினைவு வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தார். கையை வீசினார். விரலை நீட்டினார். கழுத்து நரம்பு புடைக்க, கண் சிவக்க, உயிரைக் கொடுத்துக் கேட்டார்.

ஒரு சத்தமும் வரவில்லை.

காதைப் பொத்தியவர்கள் மெல்லக் கையை எடுத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருமல் நின்றது, கிசுகிசு நின்றது. அந்த அவை கட்டப்பட்ட நாளிலிருந்து அப்படியொரு அமைதியைக் கண்டதில்லை. நிதியமைச்சர் மட்டும் முன்னால் சாய்ந்து இடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

இடி கேட்டு முடித்து உட்கார்ந்தார். சபாநாயகர் குழப்பத்தோடு, "உறுப்பினர் கேட்டது..." என்று தொடங்கினார்.

அதற்குள் நிதியமைச்சர் எழுந்துவிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"உறுப்பினர் இவ்வளவு நேரடியாகக் கேட்ட பிறகு நான் மழுப்ப விரும்பவில்லை. ஆமாம். வங்கிகளை மூடப் போகிறோம் என்பதை முந்தின நாளே என் மைத்துனரிடம் சொன்னது நான்தான். அவர் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டதும் உண்மைதான்."

எந்த மைத்துனர்? என்ன பணம்? எதிர்க்கட்சியில் ஒருவருக்கும் இந்த விவரம் தெரியாது. பிரதமர் பின்னாலிருந்து அமைச்சரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். அமைச்சர் கோட்டை விடுவித்துக்கொண்டு, "என் மனைவி அழுதாள் ஐயா, நான் என்ன செய்வேன்?" என்றார்.

அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். மேசைகள் அதிர்ந்தன. மாடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பிரதமர் கைகூப்பியபடி எழுந்தார். நிதியமைச்சர் இந்த நிமிடமே பதவி விலகுகிறார் என்றார். கூச்சல் அடங்கவில்லை. வரும் திங்கட்கிழமை எல்லா வங்கிகளும் திறக்கப்படும் என்றார். அப்புறம்தான் அடங்கியது.

தலைவி இடியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "என்ன ஒரு உத்திய்யா! பேசாமலே ஆளைக் கரைச்சிட்டீங்களே! எனக்கே சொல்லலையே!"

வெளியே நிருபர்கள் மொய்த்தார்கள். "ஐயா, மௌனத்தாலேயே உண்மையை வரவழைக்க முடியும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இடி வாயைத் திறந்தார், மூடினார். "பார்த்தியா, இப்பவும் பேச மாட்டேங்கிறார்!" என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

போன் அடித்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "தம்பி, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனேடா. பொண்ணுங்க எல்லாம் கூடத்துல ஆடிக்கிட்டு இருக்குதுங்க. நீ ஒண்ணும் பேச வேணாம். இனிமே நீ பேசவே வேணாம்!"

இடிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண் என்று தோன்றியது. மனிதனின் மனசாட்சியை மௌனம் எப்படி உலுக்கிவிடுகிறது! அடுத்த கூட்டத்தொடர் முழுக்க மௌனமாகவே இருந்து மொத்த அமைச்சரவையையும் கரைத்துவிடலாமா என்று யோசித்தபடி வாசல் படி இறங்கினார்.

பின்னாலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். நிதியமைச்சரின் உதவியாளர். மூச்சு வாங்க அவர் கையில் பேனாவையும் ஒரு துண்டுத் தாளையும் திணித்தார்.

"ஐயா, கோவிச்சுக்காம நீங்க என்ன கேள்வி கேட்டீங்கன்னு இதுல எழுதித் தர முடியுமா? காலையில எங்க ஐயாவோட காது மெஷின் தண்ணியில விழுந்துடுச்சு. சபையே கப்சிப்னு இருந்ததைப் பார்த்து, பதிவான கேள்வியை விட்டுட்டு நீங்க மைத்துனர் விஷயத்தைத்தான் கேட்டிருப்பீங்கன்னு ஒரு குத்துமதிப்பா பதில் சொல்லிட்டாரு!"