முன்வாசல் புல் குறித்து நான்கு குறிப்புகள்

லிண்டால், மினசோட்டா
ஜூலை, வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மார்லிஸ் அக்காவுக்கு, தம்பி ஆர்விட் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். கடிதம் எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள், படிக்கிற எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த ஒரு முறை தாண்டாமல், சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே மேன்கேட்டோவில் நீயும் உன் முழங்காலும் நலம்தானே?

பக்கத்து வீட்டு லவோன் உனக்குத் தொலைபேசியில் பேசியதும், உன் குடியிருப்பில் உன் கதவுக்கு அடுத்த கதவு காலியாக இருப்பதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மகன் கிரெய்கும் பிக்கப் வண்டியோடு வந்து என்னையும் என் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போக முடிவு செய்திருப்பதும் உன் கடிதத்தில் கண்டேன். என்மேல் உள்ள அக்கறைதான், வேறென்ன. ஆனால் எனக்கு இந்த வீட்டை விட்டு வர விருப்பமில்லை. நேரே சொன்னால் குரல் எழும்பாது என்பதால் எழுத்தில் சொல்கிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்திய பழக்கத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.
2. முன்வாசலில் புல் இடுப்பளவு வளர்ந்திருப்பது மறதியால் அல்ல, வேண்டுமென்றே விட்டது.
3. அதை வெட்ட வந்த மறுபுறத்து வீட்டு டுவேனின் புல்வெட்டி வண்டிக்கு முன்னால் நான் நின்றேன். யார் துணையும் இல்லாமல் என் காரியத்தை நானே சமாளித்தேன்.
4. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை.

முதல் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவது விளங்காது போலிருக்கிறது. வரிசையைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்னவோ. இருக்கட்டும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் நூலகத்தில் ஒரு பெண் எங்கள் ஏரியைப் பற்றிப் பேசினாள். ஆகஸ்டு வந்தால் ஏரி பச்சைப் பெயிண்டைக் கொட்டினாற்போல் ஆகிவிடுகிறது, நாய்கூட இறங்குவதில்லை, உனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் மேற்கே இருக்கிற சோளக்காட்டுக்காரர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் ஊர் வரைபடத்தைத் திரையில் போட்டு, எந்தெந்தத் தெருவின் புல்தரையிலிருந்து உரம் மழையோடு ஓடி ஏரியில் சேருகிறது என்று ஒரு குச்சியால் காட்டினாள். குச்சி என் வீட்டின் மேல் வந்து நின்றது. அவளுக்கு அது என் வீடு என்று தெரியாது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து உரத்தை நிறுத்தினேன், தண்ணீரை நிறுத்தினேன், பெட்ரோல் குடிக்கிற புல்வெட்டியைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினேன். கையோடு கராஜில் இருந்த இரண்டாவது ஃப்ரீசரையும் அணைத்தேன், துணியைக் கொடியில் காயப்போட ஆரம்பித்தேன். ஜூனில் நானாக விதைக்காத பூவெல்லாம் வந்தது. பால் வடியும் செடி ஒன்று கூட்டமாக முளைத்தது. மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அந்தச் செடியில் மட்டும்தான். அதில் கறுப்பும் மஞ்சளுமாகப் புழுக்கள் வந்தபோது, எனக்கு, சொன்னால் சிரிப்பாய், யாரோ என் வீட்டை நம்பிக் குடிவந்த மாதிரி இருந்தது.

நான் செய்த பிழை ஒன்றுதான். புல்லைப் பற்றி ஆறு புத்தகம் படித்தேன், அண்டை வீட்டாரைப் பற்றி யோசிக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு வீட்டுப் புல் வெட்டாமல் கிடந்தால் அதற்கு இரண்டே அர்த்தம்: ஒன்று, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இல்லையென்றால் அதையும் கடந்துவிட்டார். மூன்றாவதாக ஒரு அர்த்தத்தை நான் கொண்டுவந்தால் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்வதுதான் நமக்கு வராதே. டுவேன் வேலியருகே வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வங்கி மேலாளராக இருந்தவர், இன்னும் கடன் மறுக்கப் போகிறவர் மாதிரியே நிற்பார்.

"மழை பரவாயில்ல இந்த வருஷம்," என்றார்.

"பரவாயில்ல," என்றேன்.

"புல்லுக்கு நல்லது."

"ரொம்ப நல்லது."

அவ்வளவுதான் பேச்சு. அவர் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டதாகவும், நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் நினைத்துப் போய்விட்டார். மறுநாளே சாப்பாடு வர ஆரம்பித்தது. எந்தச் சாப்பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை: கொத்திய இறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் வரிசையாக. லவோன் ஒன்று, மூலைவீட்டம்மா ஒன்று, தேவாலயப் பெண்கள் சங்கத்திலிருந்து முறைபோட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியத் தாள், அதற்கு மேலே பிளாஸ்டிக் தாள், அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை. என் குப்பையை ஒரு சின்னப் பைக்குக் குறைத்திருந்தேன், அக்கா. ஒரே வாரத்தில் குப்பைப் பீப்பாயே நிறைந்துபோச்சு. சாப்பாட்டைக் கொட்ட மனசு வரல, அது பாவம். திங்கவும் முடியல, ஒரு வயிறுதானே. அணைச்ச ஃப்ரீசரைத் திரும்பப் போட்டேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தோட்டத்துப் புளிப்பு ருபார்ப் தண்டு போட்டு இனிப்புத்துண்டு சுட்டேன். ஜூலை வெயிலில் அடுப்பைப் போட்டால் வீடு கொதிக்கிறது, அதனால் ஏசியையும் போட்டேன். அந்த இனிப்பைப் பார்த்து லவோன், பாவம் மனுஷன் தனியா உக்காந்து சுட்டுக்கிட்டே இருக்கார் என்று இன்னும் இரண்டு பாத்திரம் அனுப்பினாள். பூமிக்குத் தீங்கு குறைக்கக் கிளம்பிய நான், என் வாழ்நாளிலேயே அதிக மின்சாரம் செலவழித்தது இந்தக் கோடையில்தான் என்று அஞ்சுகிறேன்.

அப்புறம் தேவாலயம். எங்கள் பெண் போதகர் நோயுற்றோருக்கான ஜெபத்தில் வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்து, "தன் இருண்ட பள்ளத்தாக்கில் நடக்கிற ஆர்விடுக்காக" என்றார். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுக்கலாமா? மறுத்தால் ஜெபத்தைக் கெடுத்த மாதிரி. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசைக்காரர் திரும்பி என் தோளைத் தட்டினார்.

நான் ஆரோக்கியமாக இருப்பதை வாயால் சொல்லாமல் செயலால் காட்டுவது என்று முடிவெடுத்தேன். காலையில் வீட்டைச் சுற்றி ஓடினேன். லவோன் உன்னிடம் தொலைபேசியில் சொன்னது அதைத்தான்: இடுப்பளவு புல்லுக்குள்ளே ஒரு கிழவர் பாதி உடம்பு மட்டும் தெரிய வட்டம் வட்டமாக ஓடுகிறார் என்று. அவளைக் குறை சொல்ல முடியாது. நானே பார்த்திருந்தால் உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

இதற்கிடையில் ஒருநாள் நான் பல் வைத்தியரிடம் போய்த் திரும்புகையில், டுவேன் தன் புதிய புல்வெட்டி வண்டியில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, என் கிழக்குப் பாதியை மொட்டையடித்து முடித்திருந்தார். உதவி. கேட்காமல் செய்தால்தான் அது உதவி. நான் கண்டிக்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டே போனேன். கதவு திறந்ததும், "ரொம்ப நன்றி டுவேன், சிரமப்பட்டுட்டீங்க" என்று சொல்லி ஒரு டப்பா இனிப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். "மிச்சத்தை செவ்வாக்கிழமை முடிச்சுடறேன் வாத்தியாரே, கவலைப்படாதீங்க" என்றார். மிச்சம் என்பது மேற்குப் பாதி. புழுக்கள் இருக்கிற பாதி.

செவ்வாய்க்கிழமைதான் மூன்றாவது குறிப்பு. வண்டி வந்தது. நான் அதன் பாதையில் இருந்தேன், ஓர் அங்குலம் அசையவில்லை. "டுவேன், நிறுத்துங்க" என்று கத்தினேன். நான் கத்தி நீ கேட்டதே இல்லை, நானும் கேட்டதில்லை. வண்டி நின்றது. டுவேன் குதித்து இறங்கி, என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன வாத்தியாரே இது?"

"புழு இருக்கு."

"எங்க?"

"இந்தச் செடியில. வண்டி ஏறினா செத்துடும்."

அவர் புழுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்காகவா புல்லை வெட்டாம விட்டீங்க?"

"இதுக்கும்தான். ஏரிக்கும்."

"அப்ப உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

"சாமி, நாங்க அந்தச் சாப்பாடெல்லாம் கொண்டாந்து கொடுத்தோமே."

"நல்லா இருந்துச்சு," என்றேன். வேறென்ன சொல்வது.

"மூணு மாசமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்களும் கேக்கலியே."

"எப்படிக் கேக்கறது? ஒருத்தரைப் பாத்து, ஏங்க நீங்க சாகப்போறீங்களான்னா?"

அதில் நியாயம் இருந்தது. பிறகு அவர் எழுந்து தெருவிலிருந்து பார்த்து, ஓரத்தில் மட்டும் வண்டி அகலத்துக்கு ஒரு கரை வெட்டிவிட அனுமதி கேட்டார். மேசைவிரிப்பில் கரை இருந்தால்தான் மேசைவிரிப்பு, இல்லையென்றால் அது துணி என்பது மாதிரி, ஓரம் நேராக இருந்தால் நடுவில் எவ்வளவு காடு இருந்தாலும் அது வேண்டுமென்று விட்டது என்று போகிறவர்களுக்குப் புரியுமாம். வெட்டினார். புரிந்துவிட்டது. சாப்பாடு நின்றுவிட்டது. மூலைவீட்டம்மா வந்து பால்செடி விதை கேட்டிருக்கிறாள்.

ஆகவே அக்கா, எல்லாம் சுகமாக முடிந்தது, நீ சிரமப்பட வேண்டாம். உன் முழங்காலுக்கும், கிரெய்குக்கும் அவன் மனைவிக்கும், உன் மாடியில் சீட்டாடுகிற தோழிகளுக்கும் என் அன்பு. இறைவன் உங்கள் எல்லோரையும் பச்சையாகவும், ஏரியை மட்டும் நீலமாகவும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
ஆர்விட் டோலெஃப்ஸ்ருட்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மேலே எழுதியதை ஒருமுறை வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. அசையவில்லை என்று எழுதியது உண்மை. நின்றேன் என்று எழுதியது உண்மையில்லை. கிடந்தேன். காலைக் காப்பி முடிந்து புழுக்களைப் பார்க்கப் போனவன், முயல் வளையில் கால் மடங்கி விழுந்தேன், எழ முடியவில்லை. அந்தப் புல்லுக்குள் ஒருவன் கிடந்தால் தெருவுக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். தபால்காரர் போனார். கூப்பிட்டிருக்கலாம், அவர் தோளில் அவ்வளவு பெரிய பை. லவோன் வந்து படியில் ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போனாள். உடம்பு சரியில்லை என்று நினைத்துவிடுவாளே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் பகல் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிற்று. அப்புறம்தான் புல்வெட்டி வண்டிச் சத்தம் கேட்டது. புழுக்களுக்காகக் கத்தினேன் என்பதும் முழுக்கச் சரியல்ல. முதல் கத்தல் எனக்காக.

டுவேன்தான் தூக்கி உட்கார வைத்து, வைத்தியரிடம் கூட்டிப்போனார். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். காலை முக்காலியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று அவர் ஓரக்கரையோடு நிற்காமல், வாசலிலிருந்து செடிகள் வரை நடுவிலும் வளைவாக ஒரு பாதை வெட்டிவிட்டார். "இனிமே விழறதா இருந்தா இதுல விழுங்க வாத்தியாரே, சமையலறை ஜன்னல்லருந்து லவோனுக்குத் தெரியும்" என்றார். தினமும் காலையில் நான் ஜன்னலில் கையசைக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. இன்று அசைத்தேன். அவளும் அசைத்தாள். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் பழகிவிடும் என்று தோன்றுகிறது.

நான் போக விரும்பவில்லை என்பது மாறவில்லை. ஆனால் நான்காவது குறிப்பு மூன்றாவதன்மேல் நிற்பது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வா, பாதையில் நடந்து பார், நீயே முடிவு சொல்லு. தனியாகச் சமாளித்தேன் என்ற அந்த மூன்றாவது குறிப்பு தவறு, அக்கா.